கார்ஸ்வெல்லின் வாலில் ஒரு நசுங்கல்

லீட்ஸ், இங்கிலாந்து
12-2-1978

அன்புத் தம்பி சாந்தகுமாருக்கு,

அக்கா கிருபா எழுதுவது. ஆண்டவர் காப்பில் நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரி மரகதமும் அம்மாவும் அங்கே சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறாயா? தீர்ந்துவிட்டால் எழுது, அனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரி வேலை போக, ஒரு கிழவியை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொண்டேன் என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய மகன் ஹோல்ராய்ட் பழைய கார்களை வாங்கிச் சீர்படுத்தி விற்பவர். 1934-ல் கார்ஸ்வெல் என்ற சின்னக் கம்பெனி மூன்றே மூன்று பந்தயக் கார் செய்ததாம். ஒன்று மியூசியத்தில் இருக்கிறது. ஒன்று பந்தயத்திலேயே எரிந்துபோனது. மூன்றாவது யுத்தத்தின்போது காணாமல் போய்விட்டது. அந்த மூன்றாவது காருக்கு இவருடைய அப்பாதான் மெக்கானிக். அப்பா ஞாபகமாக அதேபோல ஒன்று செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இவருடைய வெகுநாள் ஆசை. பழைய சேஸ் சட்டமும் இன்ஜினும் தேடிப் பிடித்துவிட்டார். மேல் பாடிதான் இல்லை. அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உருவம் எடுப்பவர்கள் இங்கே கேட்கிற கூலிக்கு ஒரு வீடே வாங்கிவிடலாம்.

என் தம்பி செய்வான் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. உன்னால் முடியுமா என்று உடனே எழுது.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.
உன் அன்பு அக்கா,
கிருபா


ஆம்பூர்
5-3-1978

அன்பு அக்கா,

கடிதம் கிடைத்தது. அம்மா நலம், மரகதம் நலம், நான் வழக்கம்போல் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே நலம். அங்கே உனக்குக் குளிராக இருக்கும். இங்கே மாசி மாதமே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கொஞ்சம் பார்சல் கட்டி அனுப்பட்டுமா? தோல் பதனிடும் டேனரி நாற்றமும் இனாமாக வரும்.

உன் துரை நம்பவில்லையா? நல்லது. கரும்பு தின்னக் கூலியா என்பார்கள், இங்கே கரும்போடு கூலியும் தருகிறேன் என்கிறார், நான் மாட்டேன் என்பேனா? பதினாறு வருஷமாக லாரிக்குப் பாடி கட்டுகிறேன். நாலு மூலை, நாலு பக்கம், ஒரு பெட்டி. முடிந்தால் அடுத்த பெட்டி. பெங்களூரில் பஸ் கட்டும் கம்பெனியில் நான் கற்றுக்கொண்ட வளைவு வேலையைக் கேட்க இந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. கை துருப்பிடித்துப் போகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. கூலி அவர் கொடுப்பதைக் கொடுக்கட்டும், வாய் திறக்க மாட்டேன். காரில் என் பெயர் இருக்க வேண்டும். ஸ்டியரிங்குக்கு முன்னால், உட்காருகிறவன் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு பித்தளைத் தகடு. 'பாடி செய்தவர் ஞா. சாந்தகுமார், ஆம்பூர், தென்னிந்தியா.' அவ்வளவுதான்.

ஏன் என்று நீ கேட்க மாட்டாய், இந்த ஊரில் பிறந்தவள். இங்கே நம் பெண்கள் குனிந்து தைக்கிற ஷூவுக்கு ஜெர்மனியில் பெயர் குத்துகிறான். வாணியம்பாடித் தோலுக்கு இத்தாலிக்காரன் பெயர். நான் கட்டுகிற லாரியிலும் முதலாளியின் குலதெய்வத்தின் பெயரைத்தான் எழுதுகிறார்கள். என் பெயரை ஒருவன் செதுக்குவதாக இருந்தால் அது கல்லறையில்தான் போலிருக்கிறது. அதற்கு முன்னால், கண் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இதைத் துரையிடம் அப்படியே சொல்லிவிடு.

அம்மா உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டு எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

உன் தம்பி,
சாந்தகுமார்


லீட்ஸ்
20-4-1978

அன்புத் தம்பி,

தேவ கிருபையால் இங்கு குறையில்லை. அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். மரகதத்தின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பாரம் தூக்க விடாதே.

இதோடு பதினொரு போட்டோ வருகிறது. எல்லாம் காணாமல் போன அந்த மூன்றாவது காரின் படங்கள், அவருடைய அப்பா எடுத்தவை. அளவுகள் மியூசியத்துக் காரிலிருந்து எடுத்தவை. படத்தில் இருக்கிறபடியே வர வேண்டும், ஒரு நூல் பிசகக் கூடாது என்று நூறு தடவை சொல்லிவிட்டார்.

தகட்டைப் பற்றிச் சொன்னேன். "ஏன் கூடாது?" என்று கேட்டார். அதனால் சரி என்றே வைத்துக்கொள்.

என் கல்யாணத்தைப் பற்றி அம்மா கேட்டதற்கு என்ன எழுதுவது? முப்பத்தொன்பது வயதில் அந்தப் பேச்சு எதற்கு? அம்மாவிடம் ஏதாவது சமாதானம் சொல்.

உன் அக்கா,
கிருபா


ஆம்பூர்
16-8-1978

அன்பு அக்கா,

நான்கு மாதம் எழுதாததற்குத் திட்டாதே. வீட்டில் எல்லோரும் நலம். என்னைத்தான் காணோம் என்கிறாள் மரகதம். சோறு பட்டறைக்கே வந்துவிடுகிறது.

முதலில் மரத்தில் காரின் எலும்புக்கூட்டைச் செய்தேன். அதற்கே ஐந்து வாரம். பிறகு தகடு. எருமைத்தோலில் பை தைத்து, மணல் நிரப்பி, அதன்மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியால் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும், சோம்பினால் இறுகிவிடும். மூக்குப் பகுதியை மூன்று தடவை தட்டி மூன்றையும் தூக்கிப் போட்டேன். நாலாவது வந்தது. வெயிலில் வைத்துக் கையால் தடவிப் பார்த்தேன், ஒரு மேடு பள்ளம் இல்லை. அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே.

சீட்டுக்குத் தோல் வாணியம்பாடி ஆபித் பாஷா கொடுத்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், இப்போது தோலை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார். இப்போது எல்லோரும் குரோம் போட்டுப் பதனிடுகிறார்கள். இவர் எனக்காக ஒரே ஒரு தோலை அந்தக் காலத்து முறையில் ஆவாரம்பட்டையில் போட்டு எடுத்தார். அதை வெயிலில் காய வைத்தால் சிவந்து, கறுத்து, நாற்பது வருஷத் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. "அந்தக் காலத்துல லண்டனுக்குப் போனதெல்லாம் நம்ம ஜில்லா தோலுதான். ஒரிஜினல் வண்டியிலயும் இதுதான் இருந்திருக்கும் தோஸ்த்" என்கிறார்.

இப்போது என் கெட்டிக்காரத்தனத்தைக் கேள். ஏழாம் நம்பர் படத்தில், வாலின் வலது பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல் இருக்கிறது. அதை ஒட்டி ஒரு சின்ன ஒட்டு. ஏழு ரிவெட் ஆணி, அதில் ஒன்று விழுந்துபோயிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். போன வருஷம் இங்கே ஒரு பேக்டரிக்கு ஜெர்மனியிலிருந்து சாம்பிள் ஷூ வந்தது. அதில் ஒரு தையல் கோணல். நம் ஆட்கள் ஆறாயிரம் ஜோடியிலும் அந்தக் கோணலைப் பிசகாமல் தைத்து அனுப்பினார்கள். சாம்பிளில் எப்படியோ அப்படி, அதுதானே இந்த ஊர் வேதம்! நானும் அந்த ஊர்க்காரன்தானே. நசுங்கலையும் போட்டுவிட்டேன், ஒட்டையும் போட்டு ஆறு ரிவெட் அடித்து ஏழாவதற்கு ஓட்டையை மட்டும் விட்டுவிட்டேன். நசுக்குவதற்கு மட்டும் இரண்டு நாள்.

மரகதம் பார்த்துவிட்டு, "லாரிக்காரங்க நசுங்கினத எடுக்கச் சொல்லி வர்றாங்க. நீ நசுங்காதத நசுக்கிக்கினு இருக்கியே, உனக்கு இன்னா ஆச்சு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மா ஆசீர்வாதம் சொல்கிறார்.

உன் தம்பி,
சாந்தகுமார்


லீட்ஸ்
9-9-1978

அன்புத் தம்பி,

எல்லோரும் ஆரோக்கியமாக இருப்பது கேட்டுச் சந்தோஷம். எனக்கு லேசாகச் சளி, பயப்படும்படி இல்லை.

உன் கடிதத்தை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நசுங்கலைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, அதை நேராக்க வேண்டாம், அப்படியே அனுப்பச் சொல் என்றார்.

பெயின்ட் அடிக்காதே. அது இங்கே நடக்கும். பெட்டிகளை ஆபித் பாஷாவின் சரக்கோடு கப்பலில் போட முடியுமா? கார் என்று எழுதினால் கஸ்டம்ஸில் ஆயிரம் கேள்வி வருமாம். கடை அலங்காரத்துக்கான மாதிரி என்று எழுதினால் போதுமாம்.

இன்னொன்று. கார் பக்கத்தில் நின்று போட்டோ எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குப் பிடிக்காது. ஏன் என்று கேட்காதே, இவர்கள் குணம் அப்படி.

அம்மாவுக்குச் சொட்டு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
கிருபா


ஆம்பூர்
22-1-1979

அன்பு அக்கா,

புது வருஷத்தில் உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். இங்கே நலத்துக்குக் குறைவில்லை.

மூன்று பெட்டி. வியாழக்கிழமை மெட்ராஸ் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. பாஷா பாயே கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார்.

பெட்டியில் போடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் பாதிச் சபை பட்டறைக்கு வந்துவிட்டது. பக்கத்து டேனரி ஆட்கள், பஜார் ஆட்கள், யார் யாரோ. வண்டி மூக்கும் வாலுமாக மரக்கட்டை மேல் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் இல்லை, இன்ஜின் இல்லை. ஆனாலும் ஓடுகிற வண்டியைப் பார்ப்பது போல எல்லோரும் ஒதுங்கியே நின்றார்கள். பாஸ்டர் தலையை உள்ளே விட்டுத் தகட்டைச் சத்தமாகப் படித்தார். ஞா. சாந்தகுமார், ஆம்பூர். அம்மாவுக்குத்தான் கண் தெரியவில்லை. கையைப் பிடித்துத் தகட்டின் மேல் வைத்தேன். எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தார்.

போட்டோ எடுக்கவில்லை. எனக்கு அது கோபம்தான், மறைக்க மாட்டேன். ஸ்டூடியோக்காரன் தானாகவே வந்து நின்றான், திருப்பி அனுப்பிவிட்டேன். துரைக்குப் பிடிக்காதது எனக்கும் பிடிக்கக் கூடாதாம். போகட்டும். பெயின்ட் அடித்ததும் நீ நாலு படம் எடுத்து அனுப்பு. ஒன்று தகடு தெரிகிற மாதிரி.

உன் தம்பி,
சாந்தகுமார்


ஆம்பூர்
30-7-1979

அன்பு அக்கா,

நாங்கள் நலம். நீ நலமா என்பது உன் கடிதம் வந்தால்தான் தெரியும். ஆறு மாதம் ஆகிறது. இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். துரையின் கூலி மட்டும் பாங்க் வழியாகச் சரியாக வந்துவிட்டது. பணத்துக்கு வழி தெரிகிறது, கடிதத்துக்குத் தெரியவில்லை போல.

பெட்டி உடையாமல் வந்ததா? மூக்கு பொருந்தியதா? ஒரு வரி எழுத ஆஸ்பத்திரியில் நேரமில்லையா? வெளிநாட்டுத் தபால் வருகிற வெள்ளிக்கிழமைதோறும் போஸ்ட்மேன் கங்காதரன் என்னைப் பார்த்ததும் சைக்கிளை வேறு பக்கம் திருப்புகிறார்.

அம்மா உனக்கு உடம்பு சரியில்லை என்று முடிவே கட்டிவிட்டார். அவருக்காகவாவது எழுது.

சாந்தகுமார்


லீட்ஸ்
3-11-1979

அன்புத் தம்பி,

நான் சுகம், கவலைப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். வேலை ஜாஸ்தி. கார் நன்றாக வந்திருக்கிறது. ஓடுகிறது. எல்லோரும் மெச்சுகிறார்கள். அம்மாவுக்கு ஒரு சால்வையும் மரகதத்துக்கு ஒரு கைக்கடிகாரமும் அனுப்பியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

கிருபா


ஆம்பூர்
14-5-1980

அக்கா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று ஆபித் பாஷா நேரில் பார்த்து வந்து சொன்னார். அதனால் கேட்கவில்லை.

லண்டனில் தோல் கண்காட்சிக்கு வந்தவர், எனக்காக ரயிலேறி லீட்ஸ் வந்தார். அம்மா கொடுத்த ஊறுகாய் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு உன் விலாசத்தில் கதவைத் தட்டினால், கதவில் ஹோல்ராய்ட் என்று போட்டிருக்கிறது. திறந்தது நீ. விரலில் மோதிரம். உள்ளேயிருந்து அந்த ஆள் உன்னை டார்லிங் என்று கூப்பிட்டாராம். நீ டீ கொடுத்தாயாம், பிஸ்கட் கொடுத்தாயாம், கார் கண்காட்சிக்குப் போயிருக்கிறது என்றாயாம். எங்கே என்று கேட்டதற்கு, தூரம் என்றாயாம்.

பாய் தோல் வியாபாரி. மறைக்கிற தோலைத்தான் புரட்டிப் பார்ப்பார். தெருவில் விசாரித்துக்கொண்டு அவரே அந்தக் கண்காட்சிக்குப் போய்விட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பச்ச பெயின்ட் அடிச்சு, சுத்தி கயிறு கட்டி, மகாராஜா கணக்கா வச்சிக்கிறானுங்க சாந்தா. போர்டுல இன்னா எழுதியிருக்கு தெரியுமா? நாப்பது வருஷமா காணாம போன கார்ஸ்வெல், மூணாவது வண்டி, ஒரிஜினல், ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்திநாலு! வால்ல நீ போட்ட நசுங்கலுக்கு ஒரு அம்புக்குறி. பந்தயத்துல வேலில மோதினப்ப ஆன நசுங்கலாம், இதுதான் அத்தாட்சியாம். எனக்கு ரத்தம் கொதிச்சுடுச்சு. கயித்த தாண்டி தலைய உள்ள விட்டுப் பாத்தேன். உன் தகடு இல்ல. நாலு ஓட்டைய அடைச்சு பெயின்ட் பூசிட்டானுங்க. நான் அங்கியே கத்திட்டேன், இது எங்க ஊர்ல செஞ்சது, என் தோஸ்த் செஞ்சதுன்னு. எல்லாரும் சிரிச்சானுங்க. ஒருத்தன் மட்டும் சிரிக்கல. உன் பேரும் என் பேரும் கேட்டு நோட்டுல எழுதிக்கினான்."

அந்த வேலி என் பட்டறையில் இருக்கிறது அக்கா. இரண்டு ரூபாய் மரச்சுத்தி. வேண்டுமானால் அதையும் அனுப்பி வைக்கிறேன், கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுங்கள்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? போட்டோ எடுக்காதே என்றபோது தெரிந்திருக்க வேண்டும். கடை அலங்காரம் என்று எழுதச் சொன்னபோது தெரிந்திருக்க வேண்டும். அக்கா சொல்கிறாள் என்று எழுதினேன். நான் அரைகுறையாகச் செய்திருந்தால் இன்றைக்கு என் பெயர் அதில் இருந்திருக்கும். ஒழுங்காகச் செய்ததால் போய்விட்டது. இப்படி ஒரு கூலியை இந்த ஜில்லாவில் எவனும் வாங்கியிருக்க மாட்டான்.

உன் கல்யாணத்தைப் பற்றி அம்மாவிடம் நான் சொல்லவில்லை. தகட்டைப் பற்றியும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. முதல் கடிதம் எழுதும்போதே உனக்கு இது தெரியுமா?

சாந்தகுமார்


லீட்ஸ்
2-10-1980

என் தம்பி சாந்தாவுக்கு,

ஐந்து மாதத்தில் இந்தக் கடிதத்தை எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று ஆண்டவருக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

முதல் கடிதம் எழுதியபோது எனக்கு இது தெரியாது. இது சத்தியம். ஆனால் அப்போதே கல்யாணம் ஆகி எட்டு மாதம். ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. சர்ச்சில் நடக்காததை அம்மா கல்யாணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார், அதனால்தான் எழுதவில்லை.

அவரும் முதலில் பொய் சொல்ல நினைக்கவில்லை. போட்டோ வேண்டாம் என்றபோதுகூட நான் காரணம் கேட்கவில்லை. பெயின்ட் அடித்த மறுவாரம் கார் சங்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவர் பெரிய நிபுணர். வெறும் மாதிரி என்று காட்டினால் பத்தோடு பதினொன்று, அவராக ஏதாவது நினைத்துக்கொண்டால் நாம் ஏன் மறுக்க வேண்டும் என்று இவர் சாப்பாட்டு மேஜையில் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனுஷர் வந்தார், வாலைத் தடவினார், ஆறு ரிவெட்டை எண்ணினார், ஏழாவது ஓட்டையில் விரலை வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. கிடைத்துவிட்டது என்று அவரேதான் சொன்னார்.

நீ கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். தகட்டைக் கழற்றியது இவர் இல்லை. நான். அந்த ஆள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம். யாரும் என்னைக் கழற்றச் சொல்லவில்லை.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். உனக்கு அங்கே ஒரு தெரு இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட நூறு பேர் இருக்கிறார்கள். நான் பன்னிரண்டு வருஷம் பிறத்தியார் மலமூத்திரம் அள்ளினேன். என் பெயரை ஒருவர்கூடச் சரியாகச் சொன்னதில்லை. இந்த ஒரு வீடு, இந்த ஒரு மனிதர், இவ்வளவுதான் எனக்கு மிச்சம். அதைக் காப்பாற்றத்தான் செய்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காரை ஒரு அமெரிக்கர் வாங்கினார். ஆபித் பாஷா கத்தியதைக் கேட்டுக் குறித்துக்கொண்ட ஆள் பத்திரிகைக்காரன். அவன் மெட்ராஸிலிருந்து வந்த மூன்று பெட்டியின் காகிதம்வரை தோண்டி எடுத்துவிட்டான். அமெரிக்கர் வழக்குப் போட்டிருக்கிறார். தோற்றால் வீடு போகும். இவர் ஜெயிலுக்குப் போவார், நானும் போக வேண்டியிருக்கும் என்கிறார் வக்கீல். பெட்டியில் வந்தது கடை அலங்காரம் என்று காகிதம் சொல்கிறது. நீ கார் எதுவும் செய்யவில்லை என்று ஒரு பிரமாண வாக்குமூலம் நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு அனுப்பினால் போதுமாம். வாசகம் இதோடு இருக்கிறது.

உன்னைத் தவிர எனக்குக் கேட்க ஆள் இல்லை.

அக்கா


ஆம்பூர்
19-1-1981

திருமதி ஹோல்ராய்ட் அவர்களுக்கு,

நலம். நலமறிய வேண்டியதில்லை.

உங்கள் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் கையெழுத்துப் போடுவதில்லை என்றே இருந்தேன். ஆபித் பாஷாவும் அதையேதான் சொன்னார். "போடாத தோஸ்த். இத போட்டா செஞ்ச கைய நீயே வெட்டிக்கினா மாதிரி." கோர்ட்டில் வந்து சாட்சி சொல்லக்கூட அவர் தயாராக இருந்தார், சொந்தச் செலவில்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் அம்மா கேட்டார், கிருபா கடிதம் வந்ததாமே, ஏன் எனக்குப் படித்துக் காட்டவில்லை என்று. போஸ்ட்மேன் சொல்லியிருக்கிறார். அந்த ஆத்திரத்தில் எடுத்துவந்து முழுவதையும் படித்துவிட்டேன். கல்யாணம், தகடு, வழக்கு எல்லாம். அம்மா கேட்டார்:

"அவ கல்யாணம் பண்ணிக்கினத எனக்கு ஏண்டா சொல்லல?"

"அவ சொல்லச் சொல்லலம்மா."

"அந்த ஆளு அவள நல்லா வச்சிக்கிறானா?"

"அத யாரு கேட்டாங்க? என் பேர எடுத்துட்டாம்மா. உன் பொண்ணுதான் எடுத்தா. அவளே கழட்டினாளாம்."

"பேரு போனா போவுது. பொண்ணு ஜெயிலுக்குப் போவக் கூடாது. கையெழுத்துதானே, போட்டுக் குடுத்துடு."

அம்மாவுக்குப் பெண் வேண்டும். தகட்டை எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்ததும் அதே அம்மாதான். நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு என்னால் வீட்டில் சாப்பிட முடியவில்லை. மரகதம் மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை.

வேலூருக்குப் போய் நோட்டரி முன்னால் கையெழுத்திட்டேன். பைபிள் மேல் கைவைக்கச் சொல்வார்கள், அதைச் சாக்கு வைத்துத் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று இடத்தில் புள்ளி வைத்துக் காட்டினார், முத்திரை குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒன்பது மாதம் தட்டியதை அழிக்க இரண்டு நிமிஷம் ஆனது.

வாக்குமூலம் இதோடு இருக்கிறது. 'நான் லாரி பாடி கட்டும் தொழில் செய்பவன். நான் கார் எதுவும் செய்ததில்லை.' இதுவரை உங்கள் வக்கீல் டைப் அடித்தது. இதன் கீழே ஒரு வரியைப் பேனாவால் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். 'அப்படிப்பட்ட வேலை எனக்குச் செய்யத் தெரியாது.' வக்கீல் கேட்காததை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு ஒன்றாம் வகுப்பில் கைபிடித்து எழுதப் பழக்கிய கையெழுத்து அது, அடையாளம் தெரியாமல் போகுமா? அந்த வரியையும் விடாமல் டைப் அடிக்கச் சொல்லி, அதன் கீழேதான் கையெழுத்திட்டிருக்கிறேன். உங்களுக்கு ஒரு நூல் பிசகக் கூடாது அல்லவா.

பொங்கலுக்கு முந்தின நாள் பெங்களூரிலிருந்து ஒரு சேட்டு வந்தார். பாஷா சொல்லி அனுப்பிய ஆள். அவருடைய பழைய காருக்கு அலுமினியத்தில் மூக்கு செய்ய வேண்டுமாம், பெயரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாளைக்கு யாராவது தோண்டினால் நான் கையெழுத்திட்டது பொய் என்று ஆகிவிடும். நீங்கள் உள்ளே போவீர்கள். ஆகவே இனி எனக்குப் பெட்டிதான், சாகும்வரை பெட்டி.

வழக்கு முடிந்தால் கிருபா வருவாளா என்று அம்மா தினமும் கேட்கிறார். நீங்கள் வர வேண்டாம். வராததற்கு நானே ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறேன். நோட்டரி முன்னால் பொய் சொன்னவனுக்கு, கண் தெரியாத அம்மாவிடம் சொல்வதா கஷ்டம்?

இப்படிக்கு,
ஞா. சாந்தகுமார்
லாரி பாடி கட்டுபவன்
ஆம்பூர்